கார்த்திகை மழையில் அளந்து பாருங்கள்: யாழ்ப்பாண மாநகர சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் நீளமான இரும்புக் குழாய் ஒன்று நின்றது. உச்சியில் மீன்முள்ளுப் போல ஓர் அன்ரெனா. கடலுக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்ஷனைப் பிடிப்பதற்கு. படம் தொடங்கும் நேரத்துக்கு அப்பா முற்றத்தில் குழாயைக் கட்டிப்பிடித்தபடி நிற்பார். தம்பி யன்னலடியில். ரிவிக்கு முன்னால் அம்மம்மா. “வருது, வருது… போட்டுது, கொஞ்சம் மற்றப் பக்கம்… ஆ, அப்படியே விடு!” அம்மம்மா சொல்வதைத் தம்பி கத்துவான், அப்பா திருப்புவார். காற்றடித்தால் எல்லாம் முதலிலிருந்து.

5ஜியில் மில்லிமீற்றர் அலை என்று பேசப்படுகிறதே, அதற்கான அன்ரெனா செய்வதும் இந்த வேலையைத்தான். குழாயைக் கட்டிப்பிடிக்க ஆள் தேவையில்லை. அம்மம்மாவின் இடத்தில் உங்கள் கையிலுள்ள போன் இருக்கிறது. ஒரு சுற்றுத் திருப்பி முடிக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகிறது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விளங்கிக்கொள்வதற்கு இது போதும்.

நான் பதினொரு வருடம் வெளிநாட்டில் கைத்தொலைபேசி வலையமைப்புகளைத் திட்டமிடும் வேலை பார்த்தவன். இப்போது ஊரில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எந்தக் கம்பனியோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. 2019இல் நகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் வந்தபோது, அது 5ஜி என்றும் இல்லை என்றும் ஊர் இரண்டுபட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாக்குவாதம் முழுவதிலும் அலை எவ்வளவு தூரம் போகும், எதில் முட்டினால் நிற்கும் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பயந்தவர்களும் கேட்கவில்லை, புகழ்ந்தவர்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அந்த அலை எங்கள் வீட்டுச் சுவரையெல்லாம் துளைத்துக்கொண்டு வரும் என்றே நம்பின.

எந்த அலைவரிசையை யாருக்குக் கொடுப்பது என்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வேலை. அது உங்கள் கையில் இல்லை. ஆனால் தெருவோரத்தில் கம்பம் நடுவதற்கு உங்களிடம்தான் வருவார்கள். மில்லிமீற்றர் அலையைப் பொறுத்தவரை எந்த மூலையில், எவ்வளவு உயரத்தில், எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்பதுதான் பாதிக்கு மேற்பட்ட தொழில்நுட்பம். ஆகவே மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

இன்று எங்கள் போன்களுக்கு வரும் 4ஜி அலைகள் 3 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. ஒரு கிகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு நூறு கோடி அதிர்வு. அவற்றின் அலைநீளத்தைச் சாண் கணக்கில் அளக்கலாம். 28 கிகாஹேர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 10.7 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு புளியங்கொட்டை நீளம். கணக்குப்படி 30இலிருந்து 300 கிகாஹேர்ட்ஸ் வரைதான் மில்லிமீற்றர் அலை. தொழிலில் இருப்பவர்கள் 24ஐத் தாண்டினாலே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறோம். 2019 இறுதியில் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த உலக றேடியோ மாநாட்டில் 24.25–27.5, 37–43.5, 66–71 கிகாஹேர்ட்ஸ் போன்ற பட்டைகளைக் கைத்தொலைபேசிக்கென அடையாளம் கண்டார்கள். ஏன் அவ்வளவு மேலே போகிறார்கள் என்றால், கீழே இடமில்லை. றேடியோ, ரிவி, பழைய போன், புதிய போன் எல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வழமையான 5ஜிப் பட்டைகளில் ஒரு தடத்துக்கு அதிகபட்சம் 100 மெகாஹேர்ட்ஸ் அகலம் கிடைக்கும். மேலே 400 கிடைக்கும். ஒழுங்கை ஒன்று ஏ9 வீதியாகிற மாதிரி.

ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த அலை இது என்று பலர் நினைக்கிறார்கள். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீற்றர் வரையான அலைகளை உண்டாக்கி, கொம்பு வடிவ அன்ரெனாவில் பிடித்து ஆராய்ந்தார். அலையின் முனைவாக்கத்தை, அதாவது அது எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை, சோதிக்க முறுக்கிய சணல் நாரைப் பாவித்தார். 1897இல் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் இதையெல்லாம் செய்து காட்டினார். சணலை வைத்துச் செய்தது நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு கைபேசிக்குள் வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீடிறன், அதாவது அலை செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்பது, கூடினால் காற்று அலையை விழுங்கிவிடும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 60 கிகாஹேர்ட்ஸில் அது உண்மை. அங்கே ஒட்சிசன் கிலோமீற்றருக்குச் சுமார் 15 டெசிபெல் உறிஞ்சும். டெசிபெல் என்பது சிக்னல் எத்தனை மடங்கு குறைகிறது என்பதன் அளவு: 10 என்றால் பத்தில் ஒன்று மிஞ்சும், 20 என்றால் நூறில் ஒன்று. 28இல் காற்று எடுப்பது மிகச் சொற்பம், நகரத்துத் தூரங்களுக்குக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. பிறகு ஏன் சிக்னல் மெலிகிறது? மழைநீர் பிடிக்க முற்றத்தில் சட்டி வைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு தனி அன்ரெனா என்பது ஒரு சட்டி. அலைநீளம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் அந்தச் சட்டியின் வாய் நூறில் ஒன்றாகச் சுருங்கும். அதே மழைதான், பிடிபடுவது நூறில் ஒரு பங்கு. 20 டெசிபெல் குறைவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

மருந்தும் அந்த நோய்க்குள்ளேயே இருக்கிறது. சட்டி சின்னதென்றால் நிறையச் சட்டிகளை அருகருகே வைக்கலாம். 28 கிகாஹேர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 5.4 மில்லிமீற்றர். அந்த இடைவெளியில் நிரைக்குப் பதினாறாகப் பதினாறு நிரை, மொத்தம் 256 குட்டி அன்ரெனாக்களை அடுக்கினால் ஒன்பது சென்ரிமீற்றருக்கும் குறைந்த சதுரம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். உள்ளங்கையில் வைக்கலாம்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வாங்கில் நித்திரை கொள்பவனும் நிமிர்வான். 256 அன்ரெனாவுக்கும் ஒரே சிக்னலைத்தான் கொடுக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சற்றுப் பிந்திப் பிந்திக் கொடுக்கிறோம். வகுப்பில் அலை காட்டும் தண்ணீர்த் தட்டான குற்றலைத் தாங்கியில் இரண்டு குச்சிகள் எழுப்பும் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில திசைகளில் அழித்துக்கொள்ளும். தலையீடு என்று படித்த அதே சங்கதி. எல்லா அன்ரெனாவும் ஒரே அவத்தையில், அதாவது ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால், அலைகள் நேர் முன்னே ஒரு கற்றையாகக் கூடி நிற்கும். பக்கத்துப் பக்கத்து அன்ரெனாவுக்குக் கால் சுற்று அவத்தை வித்தியாசம் கொடுத்தால் கற்றை 30 பாகை திரும்பும். 28 கிகாஹேர்ட்ஸில் கால் சுற்று என்பது 9 பைக்கோசெக்கன் அளவு, ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒன்பது பங்கு. அன்ரெனா அசையாது, அதற்குள் மோட்டரும் கிடையாது. தாமதத்தை மாற்றினால் கற்றை மாறுகிறது, அவ்வளவுதான். அப்பா கேட்டிருந்தால் குழாயை அன்றே பிடுங்கி எறிந்திருப்பார்.

அந்தக் கற்றை ஏறக்குறைய 6 பாகை அகலம். 100 மீற்றருக்கு அப்பால் பத்து மீற்றர் வட்டத்துக்குள்தான் விழும். குப்பி விளக்குக்கும் ரோச் லைற்றுக்கும் உள்ள வித்தியாசம். ரோச் லைற்றின் கஷ்டம் என்ன? ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்கு அடிநிலையம், அதாவது கம்பத்திலுள்ள கருவி, 64 வரையான கற்றைகளை ஒன்றன்பின் ஒன்றாக, 5 மில்லிசெக்கனுக்குள் வெவ்வேறு திசைகளுக்கு வீசிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. எந்த இலக்கம் நன்றாகக் கேட்டது என்று போன் திருப்பிச் சொல்லும். புதிதாக வரும் போன் ஒன்று இந்த வீச்சு 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வரும் என்று எதிர்பார்த்துத் தேடும். பிடிபட்ட பிறகும் விட மாட்டார்கள், அக்கம்பக்கத்தில் இன்னும் கூர்மையான கற்றைகளை வீசித் திருத்துவார்கள். கற்றை அறுந்தால் அடுத்ததுக்குத் தாவுவதற்கும் தனி ஏற்பாடு உண்டு. போனுக்கும் சின்னதாக இதே மாதிரி அன்ரெனா அடுக்குகள் இருக்கும், வேறு வேறு விளிம்புகளில். ஏனென்றால் கை ஒன்றை மூடினால் மற்றது வேலை செய்ய வேண்டும்.

கை மூடினால் என்று சொன்னேன் அல்லவா, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டில் ஒரு பரீட்சார்த்தத் தளத்தில் சோதனைப் போனோடு நடந்திருக்கிறேன். கம்பத்தைப் பார்த்தபடி நடந்தால் வேகம் கண்ணைக் கட்டும். திரும்பி நடந்தேன். என் சொந்த உடம்பு குறுக்கே வந்ததும் விழுந்துவிட்டது. மனித உடம்பு 20 டெசிபெல்லுக்கு மேல் எடுத்துவிடும், அதாவது நூறில் ஒன்றுகூட மிஞ்சாது. சாண் அளவு அலை ஒரு தூணைச் சுற்றி ஓரளவு வளைந்து வரும். புளியங்கொட்டை அளவு அலைக்குத் தூணின் பின்னால் கருநிழல்தான். நியூயோர்க்கில் 28 கிகாஹேர்ட்ஸில் அளந்தவர்கள் சாதாரணக் கண்ணாடி 4 டெசிபெல் அளவுக்கும், நிறமூட்டிய வெளிக் கண்ணாடி 40 டெசிபெல் அளவுக்கும் எடுப்பதைக் கண்டார்கள். 40 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. அந்த நகரத்தில் 200 மீற்றருக்கு உட்பட்ட தூரங்களில்தான் சிக்னலை நம்பிப் பிடிக்க முடிந்தது.

இப்போது எங்கள் ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். ஆளுயர மதில், தகரப் படலை, அதற்குள்ளே மா, பலா, வேம்பு, பின்வளவில் நாலைந்து பனை. வீட்டுக்கு நீண்ட விறாந்தை, தடித்த சுவர். ஒழுங்கை முகப்பில் மில்லிமீற்றர் அலைக் கம்பம் நட்டால் படலைக்கு வெளியே நின்று போன் பார்ப்பவருக்கு நல்லது. உள்ளே கட்டிலில் கிடக்கும் ஆச்சிக்குக் கனடாவிலிருந்து பேரன் வீடியோவில் வந்தால் அதைக் கொண்டுவருவது பழைய அலைதான். தகரம் ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. உலோகத்தில் இந்த அலை நன்றாகத் தெறிக்கும். நேர்ப்பார்வை மறைந்த இடத்துக்குத் தகர வேலியில் பட்டுத் தெறித்த கற்றை போய்ச் சேரலாம். எங்கள் ஊர்த் தகரத்துக்கு இப்படியும் ஒரு பாவிப்பு!

மரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கத்தில் உள்ள ஒரு கணிப்பின்படி 10 மீற்றர் ஆழமான இலைத்தொகுதி 28 கிகாஹேர்ட்ஸில் 11, 12 டெசிபெல் எடுக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் கூட. காற்றில் ஆடும் பனையோலை கற்றையை வெட்டி வெட்டி விடும், இணைப்பு விட்டுவிட்டு வரும். இதற்குத் திட்டமிடல்காரர் எழுதும் சுலபமான தீர்வு என்ன தெரியுமா? கிளையை வெட்டு. நானே வேறு ஊர்களில் அப்படி அறிக்கை எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். யாழ்ப்பாண வெய்யிலில் ஒரு வேம்பை வெட்டி அதற்குப் பதிலாகக் கிடைக்கும் மெகாபிற்றுகளை வைத்து யாரும் நிழலுக்கு ஒதுங்க முடியாது. கம்பத்தை ஐந்து மீற்றர் தள்ளி நடச் சொல்லுங்கள். அலைநீளம் சின்னது என்பதால் ஐந்து மீற்றர் தள்ளினாலே காட்சி மாறிவிடும்.

மழைக்கு ஆட்கள் பயப்படுவதுபோலப் பயப்படத் தேவையில்லை, ஆனால் அதை மறந்துவிடவும் கூடாது. மணிக்கு 25 மில்லிமீற்றர் வீதம் பெய்யும் மழை 28 கிகாஹேர்ட்ஸில் கிலோமீற்றருக்கு 4.6 டெசிபெல் எடுக்கும். மணிக்கு 100 மில்லிமீற்றர் என்று கொட்டினால் 18 டெசிபெல்லை நெருங்கும். 200 மீற்றருக்குள் இருக்கும் கம்பத்துக்கு அந்தக் கொட்டு மழையிலும் இழப்பு மூன்றரை டெசிபெல்தான். பாதிக்கு மேல் போகும், என்றாலும் ஒழுங்காகத் திட்டமிட்ட இணைப்புத் தாங்கும். ஆனால் இதே அலையில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு இணைப்புத் தருகிறோம் என்று யாராவது உங்களிடம் வந்தால், கார்த்திகை மாதம் அது என்ன செய்யும் என்று கேளுங்கள். கிலோமீற்றருக்கு இத்தனை என்று எடுக்கும் மழைக்கு முன்னால் கடல் தாண்டும் தூரம் நின்றுபிடிக்காது. தீவகத்துக்கு வேண்டியது இதைவிடத் தாழ்ந்த மீடிறனில் ஓர் உறுதியான நுண்ணலை இணைப்பு, அல்லது கடலடி ஒளிநார்க் கேபிள். மழைக்காலத்தில் வள்ளம் ஓடாத நாளில்தான் அந்தச் சனத்துக்குப் போன் அதிகம் தேவை.

அப்படியென்றால் இந்த அலை யாழ்ப்பாணத்துக்கு வேண்டாமா? வேண்டும், சில இடங்களுக்கு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், அதிலும் தேரன்று, கோயில் வீதியில் போன் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஒரு படம் போகாது. அங்கே குறைவாக இருப்பது சிக்னலின் வலு அல்ல, அலைவரிசையில் இடம். அகன்ற வெளிவீதி, திறந்த வானம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் சனம். உயரத்திலிருந்து கீழ்நோக்கி வீசும் கற்றைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தலைகள் மறைக்காத உயரத்தில் வைத்தால் சரி. மத்திய பஸ் நிலையம், துரையப்பா விளையாட்டரங்கு, பெரியாஸ்பத்திரி முன்றல், இவையும் அப்படியே. இன்னொன்று, பாடசாலைக் கூரைகள். கூரையில் நிலையான அன்ரெனா ஒன்றை வைத்துக் கம்பத்தைப் பார்க்க விட்டால் சுவரும் இல்லை, கையும் இல்லை, உடம்பும் இல்லை. அங்கிருந்து உள்ளே வயரில் போகலாம். இந்தியாவில் 2022 ஏலத்தில் 26 கிகாஹேர்ட்ஸ் பட்டையையும் விற்றார்கள். இந்தப் பட்டைக்கு வீட்டுக் கூரை இணைப்புகள்தான் பொருத்தமான தொழில் என்பது என் எண்ணம். நடந்து திரியும் போனுக்கு அது எப்போதும் அடம்பிடிக்கும் பிள்ளை.

இனி உடல்நலம். இதைக் கடைசியில் ஒதுக்கியதாக நினைக்க வேண்டாம். உங்களிடம் வரும் தாய்மார் இதைத்தான் முதலில் கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம்.

28 கிகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு போட்டோனிலுள்ள, அதாவது அதன் மிகச் சிறிய பொட்டலத்திலுள்ள, சக்தி ஓர் அணுவிலிருந்து எலெக்ரோனைப் பிடுங்கி அதை அயனாக்கத் தேவையான சக்தியில் இலட்சத்தில் ஒரு பங்குதான். எக்ஸ்றேயோடு இதை ஒப்பிடுவது பிழை. அதன் பெரும்பகுதி தோலின் முதல் ஒரு மில்லிமீற்றருக்குள்ளேயே அடங்கிவிடும். அது செய்யக்கூடியது மேல்தோலைச் சூடாக்குவது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011இல் றேடியோ அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் ‘சாத்தியமிருக்கலாம்’ என்ற 2பி வகுப்பில் வைத்தது உண்மை. அதை மறைத்துப் பேசினால் நாளைக்கு உங்களை ஒருவரும் நம்பார். சர்வதேச வரையறையை வகுக்கும் ஐக்னிர்ப் என்ற ஆணைக்குழு, 2020இல் பொதுமக்களின் முழு உடம்புக்கும் சதுர மீற்றருக்கு 10 வாட் என்று எல்லை வைத்தது, அரை மணி நேரச் சராசரியாக.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 256 அன்ரெனா அடுக்கிலிருந்து வெளிவரும் மொத்த வலு ஒன்றேகால் வாட் என்று வையுங்கள். எல்ஈடி பல்ப் ஒன்று இழுப்பதில் சிறு பங்கு. ஆனால் கற்றையாக ஒடுக்குவதால், கற்றையின் நேர்முன்னே நிற்பவருக்கு அது 1000 வாட் எல்லாத் திசைக்கும் பரவுவது போலத் தெரியும். 10 மீற்றர் தூரத்தில் சதுர மீற்றருக்கு 0.8 வாட். எல்லையின் பத்திலொரு பங்குக்கும் குறைவு. கற்றை ஓரிடத்தில் நில்லாமல் ஆளுக்கு ஆள் தாவுவதால் சராசரி இன்னும் குறையும். தெருவில் போகிறவருக்குப் பயமில்லை. ஆனால் அதே கணக்கில் 3 மீற்றருக்குக் கிட்டப் போனால் எல்லையைத் தொடும். கஸ்தூரியார் வீதியில் கடைகளின் மேல்மாடி யன்னல்கள் தெருவுக்கு எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கம்பத்தின் உச்சியும் ஒரு தையற்கடையின் யன்னலும் நேருக்கு நேர் வந்தால், நாள் முழுக்க அங்கே குந்தியிருக்கும் பிள்ளைக்காக நான் கேள்வி கேட்பேன். பயத்தில் அல்ல, கணக்கில். ஒவ்வொரு கம்பத்துக்கும் விலகல் தூரம் எவ்வளவு, அது எந்தப் பக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். நட்ட பிறகு அளந்த பெறுமானத்தைத் தமிழில் கம்பத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். 2019இல் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால் பாதிச் சண்டை நடந்திராது என்பது என் அபிப்பிராயம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் வந்தால் முதலில் எந்த மீடிறன் என்று கேளுங்கள். ‘5ஜி’ என்பது பதில் ஆகாது. 3.5 கிகாஹேர்ட்ஸ் ஒரு சாமான், 28 வேறு சாமான். இரண்டாவது என்றால், கம்பத்தடிக்கு ஒளிநார் இணைப்பு எப்படி வரும், எத்தனை தரம் வீதியைக் கிண்டுவார்கள் என்று கேளுங்கள். வேகமாக வாங்கும் கம்பத்துக்குப் பின்னால் ஒடுங்கிய குழாய் இருந்தால் பலன் இல்லை. குடியிருப்பு ஒழுங்கைகளுக்குள் நிரையாக நடக் கேட்டால், வீட்டுக்குள் எத்தனை டெசிபெல் மிஞ்சும் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த ஒழுங்கைக்குக் கம்பம் வேண்டாம்.

செய்துகாட்டல் வைக்கிறோம் என்று சொன்னால் திகதியை நீங்கள் குறியுங்கள். அவர்கள் ஆவணியில் கேட்பார்கள்: வெய்யில், காய்ந்த இலை, திறந்த முற்றவெளி. நீங்கள் கார்த்திகையைச் சொல்லுங்கள். ஒரு சோதனைப் போனை மேடையில் வைக்காமல் கையில் கொடுத்து, பஸ் நிலையத்தில் சனத்துக்குள்ளும், ஒரு வீட்டு விறாந்தையிலும், ஒரு வேம்பின் கீழும் நடக்கச் சொல்லுங்கள். கம்பத்துக்கு முதுகைக் காட்டியும் நடக்க வேண்டும். இலக்கங்களை எழுதும் வேலைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம். நானும் குடையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு பௌதிகவியல் வாத்தியார்